தடையைத் தாண்டுவது வேறு, கண்ணில் படாமல் இருப்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதேனும் ஒரு நாட்டின் அரசு இணையதளங்களை முடக்கியதாகச் செய்தி வரும்போதெல்லாம், நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் ஒரே அறிவுரைதான் சுற்றி வருகிறது: ஒரு விபிஎன் செயலியைப் (உங்கள் இணைப்பைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி, வேறொரு கணினி வழியே சுற்றிவிடும் செயலி) பதிவிறக்கிக்கொள்ளுங்கள், எல்லாம் திறந்துவிடும். அரசுக்குப் பிடிக்காத செய்தியையும் படிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தடையைத் தாண்டுவதையும், தாண்டியவர் யார் என்பது பிறருக்குத் தெரியாமல் இருப்பதையும் ஒன்றாகக் குழப்பும் இந்த அறிவுரை, அதை நம்புகிறவர்களையே சிக்கலில் மாட்டிவிடக்கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரை முடக்கியபோது, தொடக்கத்தில் அது டிஎன்எஸ் வழியான தடையாகவே இருந்தது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அது இருக்கும் முகவரி எண்ணை, எடுத்துக் கொடுக்கும் முகவரிப் புத்தகம்தான் டிஎன்எஸ். இணைய சேவை நிறுவனங்கள் தங்கள் புத்தகத்தில் ட்விட்டருக்கு நேரே வேறு எண்ணை எழுதிவைத்துவிட்டன. கூகுளின் புத்தகத்தைக் கேட்டால் சரியான எண் கிடைக்கும் என்று அறிந்த மக்கள், இஸ்தான்புல் சுவர்களில் அந்தப் புத்தகத்தின் எண்ணான 8.8.8.8 என்பதை வண்ணத்தால் எழுதி ஒருவருக்கொருவர் வழிகாட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது இன்றும் என் மனம் நெகிழ்கிறது. ஆனால் அதே மாத இறுதியில், துருக்கியின் பெரும்பாலான இணைய சேவை நிறுவனங்கள் தன் டிஎன்எஸ் சேவையகத்தைப் போலவே வேடமிட்ட சேவையகங்களை அமைத்திருப்பதாகக் கூகுள் அறிவித்தது. யாரைத் தவிர்க்க நினைத்தார்களோ அவர்களிடமே போய், எந்தத் தளத்துக்குச் செல்ல வேண்டும் என்று மக்கள் தெரியாமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிஎன்எஸ் கேள்விகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்பும் வசதி இப்போது உலாவிகளிலேயே வந்துவிட்டது. ஆயினும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு தொடங்கும் கணத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்த நிலையிலேயே செல்கிறது. அதைப் படித்தே பல நாடுகள் இணைப்பைத் துண்டிக்கின்றன.

விபிஎன் இந்தக் கண்காணிப்பைக் கடந்துவிடுகிறது என்பது உண்மைதான். உங்கள் இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரிவதெல்லாம், நீங்கள் ஒரு விபிஎன் சேவையகத்தோடு பேசுகிறீர்கள் என்பது மட்டுமே. ஆனால் அதுவரை அந்த நிறுவனம் பார்த்துவந்த அனைத்தையும் இனி விபிஎன் நடத்துகிறவர் பார்க்கிறார். 2013இல் ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ என்ற நிறுவனத்தின் இலவச விபிஎன் செயலி, பயனரைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்டே, அவர் கைப்பேசியில் வேறு எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார் என்ற தகவலை ஃபேஸ்புக்குக்குக் கொண்டுசேர்த்தது. 2018இல் அது ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பெயரும் முகவரியும் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் செயலியே இப்படி என்றால், நடத்துபவர் யார் என்றே தெரியாத செயலிகளைப் பற்றி என்ன சொல்வது?

வெளிநாட்டில் படிக்கும் என் அக்கா மகள், தான் வழக்கமாகப் படிக்கும் செய்தித் தளம் அங்கே திறக்கவில்லை என்று, தோழி அனுப்பிய ஓர் இலவசச் செயலியை நிறுவினாள். திரையின் மேல் ஓரத்தில் சிறிய சாவிச் சின்னம் வந்தது, தளமும் திறந்தது. காணொலி அழைப்பில் மகிழ்ச்சியோடு அதைக் காட்டினாள். நான் அனுமதிகள் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். தொடர்புப் பட்டியல், இருப்பிடம் இரண்டுக்கும் அவள் அனுமதி கொடுத்திருந்தாள். இணைப்பைச் சுற்றிவிடும் ஒரு செயலிக்கு அவள் அம்மாவின் தொலைபேசி எண் எதற்கு?

பயனர் யார் என்பதை மறைக்க உருவான டோர் என்ற வலையமைப்பு வேறு வகையானது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த அந்த வலையமைப்பில், தகவல் மூன்று கணுக்கள் (இடையில் நின்று கடத்திவிடும் கணினிகள்) வழியே செல்கிறது. முதல் கணுவுக்கு நீங்கள் யார் என்பது தெரியும், எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது. கடைசிக் கணுவுக்குப் போகும் இடம் தெரியும், நீங்கள் யார் என்பது தெரியாது. நம்பிக்கையை ஒருவர் கையில் ஒப்படைக்காமல் பிரித்து வைத்திருக்கும் இந்த அமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். வேகம் குறையும், அது பரவாயில்லை. ஆனால் கணுக்களின் பட்டியல் வெளிப்படையானது என்பதால், அதைப் பார்த்தே சீனா போன்ற நாடுகள் டோரைத் தடுக்கின்றன. நீங்கள் டோரைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் உங்கள் இணைய சேவை நிறுவனம் அறிந்துகொள்ளும். பட்டியலில் இல்லாத 'பிரிட்ஜ்' கணுக்களும், தன்னார்வலர்களின் உலாவிகள் வழியே இணைப்பைக் கடத்தும் 'ஸ்னோஃப்ளேக்' முறையும் அதற்காகவே வந்தவை. இவ்வளவு செய்த பிறகு, சொந்தப் பெயரில் உள்ள கணக்கில் உள்நுழைந்தால், அந்தத் தளத்துக்கு நீங்கள் யார் என்பது தெரிந்துவிடும்.

2011 ஜனவரி இறுதியில் எகிப்து செய்ததுபோல இணையத்தையே நிறுத்திவிட்டால் இவற்றில் எதுவும் உதவாது. அன்று தரைவழித் தொலைபேசியில் வெளிநாட்டு எண்களை அழைத்து, பழைய மோடம் வழியே இணைந்தவர்கள் சிலர் இருந்தார்கள்.

ஆகவே, தடை பற்றிய செய்தியோடு செயலிகளின் பெயரை வெளியிடும்போது, அதை நடத்துவது யார், பயனரைப் பற்றி அது எதைச் சேமித்துவைக்கிறது, அந்த நாட்டுச் சட்டம் அதன் பயன்பாட்டைப் பற்றி என்ன சொல்கிறது என்பவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இக்கருவிகளைத் தடை வருவதற்கு முன்பே நிறுவிக்கொள்ள வேண்டும் என்பதையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள். தடை வந்த பிறகு அவற்றைப் பதிவிறக்கும் பக்கங்களும் திறக்காமல் போகலாம். அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே டோர் அமைப்பு, மின்னஞ்சல் அனுப்பினால் பதிவிறக்க இணைப்புகளைப் பதிலாக அனுப்பும் ஒரு சேவையை நடத்துகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்