கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக் கழிப்பறைகளை வைத்து நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 'சுத்தமாக வைத்துக்கொள்ளவும்', 'கைகளைக் கழுவவும்', 'இங்கே துப்பாதீர்' என்று கண்ணாடியைச் சுற்றி ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அதற்குக் கீழே இருக்கும் சோப்புப் பெட்டியை எப்போதாவது அமுக்கிப் பார்த்ததுண்டா? காற்றுதான் வரும். வந்தால் தண்ணீர் கலந்து நீர்த்துப்போன ஏதோ ஒன்று வரும்.

ஜனங்களுக்கு ஒழுங்கு போதாது, எவ்வளவு செய்து கொடுத்தாலும் பாழாக்கிவிடுவார்கள் என்பதுதான் உங்கள் பதில், தெரியும். பாதி நிஜம். ஆள் இருந்தால் கை கழுவுவது, யாருமில்லை என்றால் அப்படியே நழுவுவது எல்லாம் நடக்கத்தான் செய்கிறது. 2009இல் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இங்கிலாந்து நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றின் கழிப்பறைகளில் சென்சார் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். எந்த வாசகமும் காட்டாதபோது சோப்புப் போட்டவர்கள் ஆண்களில் 32 சதவீதம், பெண்களில் 64 சதவீதம். பிறகு விதவிதமான வாசகங்களைக் காட்டியதில் நன்றாக எடுபட்டது, 'பக்கத்தில் இருப்பவர் சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா?' என்ற கேள்வி. அதட்டலை விட அடுத்தவர் கண்ணுக்குத்தான் நாம் பயப்படுகிறோம். சரி, ஆனால் அங்கே சோப்பு இருந்தது.

சோப்பு இல்லை என்று சானிடைசர் மாட்டுவதும் சரிவராது. வாந்தியும் பேதியும் கொண்டுவரும் நோரோவைரஸுக்குச் சில பத்துத் துகள்களே போதும், அது சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும். ஓடுகிற தண்ணீர் என்றேன், ஒரு கையால் அமுக்கிப் பிடித்தால் மட்டும் வரும் உங்கள் குழாயில் இரண்டு கையையும் எப்படித் தேய்ப்பது?

இருக்கை ஈரமாக இருக்கிறதே என்று அதைத் தொடாமல் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் தொங்குகிறார் ஒருவர், அதனாலேயே அது இன்னும் நனைகிறது, அடுத்து வருபவர் செருப்புக் காலோடு மேலே ஏறிக் குந்துகிறார், அதற்கு அடுத்தவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போகிறார். முதல் ஆளுக்கே ஒரு துடைக்கும் தாள் கிடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். (இத்தனைக்கும் நோயைப் பரப்புவதில் இருக்கையை விடக் கைதான் பெரிய ஆள்.)

கொக்கி இல்லாத கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தாழ்ப்பாள் விழாததால் ஒரு காலை நீட்டிக் கதவை முட்டுக்கொடுத்தபடி இருக்கிற மனிதருக்கு வேலை முடிந்ததும் வெளியே ஓடத்தான் தோன்றும். ஃப்ளஷை அமுக்கித் தண்ணீர் முழுசாகப் போனதா என்று நின்று பார்க்கத் தோன்றாது. இதில் கழுவிய கையோடு வெளியேறும் கதவையும் உள்பக்கம் இழுத்துத்தான் திறக்க வேண்டும் என்றால், கழுவாமல் போனவர் பிடித்த அதே கைப்பிடியைத்தான் நானும் பிடிக்க வேண்டும், அதுவும் ஈரக் கையால். ஈரக் கையில் கிருமி இன்னும் சுலபமாக ஒட்டும். பல விமான நிலையங்களில் கதவே வைக்காமல் வளைந்த சுவராகக் கட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் கதவுக்குப் பின்னால் தொங்கும் அந்தச் சரிபார்ப்புத் தாள். மணிக்கொரு கையெழுத்து, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, சாயங்காலம் ஐந்து மணிக்கான கையெழுத்து மத்தியானமே விழுந்திருக்கிறது. துப்புரவு செய்பவர் மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை கழிப்பறைக்கும் ஒரே ஆளைப் போட்டால் அவர் கையெழுத்துத்தான் போடுவார். இன்னொரு ஆளைப் போடுங்கள், முழங்கை வரை வரும் கையுறை கொடுங்கள், சோப்புத் தீர்ந்தால் யாரிடமும் கெஞ்சாமல் அவரே எடுத்து வைக்கிற மாதிரி அலமாரிச் சாவியை அவரிடம் கொடுங்கள். பாதி தீர்ந்த பெட்டியில் மேலே மேலே ஊற்றச் சொல்லாதீர்கள், அப்படி ஊற்றிக்கொண்டே இருந்தால் சோப்பிலேயே கிருமி வளரும்.

அடுத்த முறை பார்வையிட வரும்போது முன்கூட்டித் தகவல் சொல்லாமல், தோளில் ஒரு கனமான பையோடு, உண்மையிலேயே அவசரமாக வாருங்கள்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்பவர்