எடை ஏறுவது குவாரியில், லைசென்ஸ் போவது டிரைவருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரி – கடலூர் சாலையில் ஜல்லி டிப்பர் கவிழ்ந்தாலோ, முன்னால் போன வண்டியில் மோதினாலோ 'டிரைவரின் அஜாக்கிரதை' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாடியில் எத்தனை யூனிட் சரக்கு இருந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ஆர்.சி.யில் மொத்த எடை 28 டன் என்று போட்டிருக்கும் பத்துச் சக்கர டிப்பர், காலியாகவே 11 டன் அளவுக்கு வரும். மிச்சம் 17 டன். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, சுமார் நாலரை டன். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ஆக, நாலு யூனிட்டே முழுசாக ஏற்ற முடியாது. பாடிக்கு மேல் பலகை அடித்து ஆறு யூனிட் ஏற்றினால் வண்டி 38 டன்.

ஏற்றுவதற்குக் காரணம் பேராசை அல்ல. வாடகை யூனிட் கணக்கில் பேசப்படுகிறது. தவணை, இன்சூரன்ஸ், டிரைவர் கூலி எல்லாம் எத்தனை யூனிட் ஏற்றினாலும் அதேதான். நாலு யூனிட்டில் கட்டுப்படியாகாதது ஆறில்தான் கட்டுகிறது. ஒற்றை வண்டி வைத்திருப்பவர் மறுத்தால், பின்னால் நிற்கும் வண்டிக்கு லோடு போகும். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிரைவர் மறுத்தால், சாவி வேறு கைக்குப் போகும்.

இனி, அந்தக் கூடுதல் 10 டன் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதே வேகத்திலிருந்து நிறுத்த, பிரேக் டிரம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் சூட்டை வாங்க வேண்டும். சூடேறிய டிரம் விரியும். உள்ளிருந்து டிரம்மை உரசி நிறுத்தும் லைனிங் அதை எட்டிப் பிடிக்க, காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக் சேம்பரின் புஷ் ராடு (தள்ளுகம்பி) இன்னும் வெளியே வர வேண்டும். லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் முன்பே தளர்ந்திருந்தால் ராடு கடைசி வரை போய் நின்றுவிடும். மீட்டரில் காற்று இருக்கும், பெடல் மிதிபடும், வண்டி மட்டும் நிற்காது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுச் சோதனைக்கு) காலி வண்டியைக் கொண்டுபோவதால் இந்தக் குறை அங்கே தெரிவதில்லை.

பின்பக்கம் தொங்காமலிருக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் செருகுவார்கள். அதனால் எடை கண்ணுக்கு மறையுமே தவிர, பிரேக்கும் டயரும் பழையவைதான். ஜோடி டயரில் உள்டயர் காற்று இறங்கினால் முழுப் பாரமும் வெளிடயர்மேல் விழும், அது சூடாகி வெடிக்கும். கிளம்பும் முன் இரும்புக் கம்பியால் தட்டினால் காற்றிறங்கிய டயர் 'தொப்' என்று காட்டிக் கொடுக்கும். ஆனால் அடுத்த நடைக்குத் துரத்தப்படும் டிரைவருக்கு அந்தப் பத்து நிமிடமும் கிடைப்பதில்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். மேலே சொன்ன வண்டிக்கு 40,000. ஓவர்லோடுக்கு லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் சொல்லியிருக்கிறது. டிரைவருக்கு அது மூன்று மாதப் பட்டினி. அதே 194, ஓட்டியவரோடு ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. அந்த வரியைப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

குவாரி வாசல் எடைமேடையில், ஆர்.சி. எடையைத் தாண்டிய வண்டிக்கு நடைச்சீட்டு (சரக்கை எடுத்துப்போகும் அனுமதிச் சீட்டு) கொடுக்கக் கூடாது. சீட்டில் யூனிட்டோடு டன் கணக்கும் அச்சாக வேண்டும். வாடகையை யூனிட்டுக்குப் பதில் நடைக்கும் தூரத்துக்கும் பேச, கட்டுமானக்காரர்களையும் லாரி சங்கங்களையும் கடலூர், விழுப்புரம், புதுச்சேரி ஆட்சியர்கள் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். மிகை எடையை இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. இறக்கிவைக்க இடம் இல்லாவிட்டால், அபராதம் கட்டிய பின்னும் அதே 38 டன்தான் ஊருக்குள் வரும். சோதனை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு களமும் ஒரு ஜேசிபியும் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
லாரி டிரைவர்கள், மெக்கானிக்குகள் சிலர்,
கடலூர்.