ஊசிக்கு முன்னால் கிடாவைப் பிரித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் செம்மறி வளர்ப்போர், பெட்டைகளைக் கிடா சேரும் பருவத்துக்குக் கொண்டுவரும் 'பருவ ஊசி' கேட்பது உண்டு. பெட்டைகள் ஒரே வாரத்தில் கிடா சேர்ந்து, ஒரே வாரத்தில் குட்டி போட்டால் பராமரிப்பும் விற்பனையும் எளிது, ஆசை நியாயமானதுதான். ஆனால் ஆண்டு முழுதும் கிடா கூடவே மேயும் மந்தையில், எது சினை எது வெறும் ஆடு என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டால் சினை ஆடுகள் குட்டி வீசிவிடும்.

காரணம் இதுதான். செம்மறியின் பருவச் சுழற்சி 16, 17 நாள். பருவம் நீடிப்பது 24 முதல் 36 மணி நேரம். அது முடியும் தறுவாயில் கருமுட்டை வெளிவரும். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள், சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அது இருக்கும்வரை அடுத்த பருவம் வராது. சினை பிடிக்காவிட்டால் 14-ஆம் நாள் வாக்கில் கருப்பையிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு அந்தத் திரளைக் கரைத்துவிடும். சினை பிடித்திருந்தால் கருவிலிருந்து வரும் இன்டர்ஃபெரான்-டௌ என்ற புரதம் அதைத் தடுத்துத் திரளைக் காப்பாற்றும். பருவத்துக்காகப் போடும் குளோப்ரோஸ்டினால், புரோஸ்டாகிளாண்டினின் செயற்கை வடிவம். கரு காப்பாற்றி வைத்த திரளை ஊசி அழித்துவிடுகிறது. செம்மறியில் ஏறக்குறைய 50 நாள் வரை இந்த ஆபத்து மிக அதிகம். பிறகு நஞ்சுக்கொடியே போதுமான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. வெள்ளாட்டில் அப்படியில்லை, சினைக்காலம் முழுவதும் மஞ்சள் திரளை நம்பியே கரு நிற்கிறது. இரண்டையும் ஒரே பட்டியில் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே உடலுக்குள் போகும்.

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் 40 நாளுக்குக் குறைந்த சினையை உறுதியாகச் சொல்வது கடினம். எனவே கிடாவைப் பிரித்து 40 நாளுக்கு மேல் ஆன பிறகு ஸ்கேன் செய்து, சினையில்லாதவற்றுக்கு மட்டுமே ஊசி என்பதுதான் பாதுகாப்பான வழி. சுழற்சியின் 5 முதல் 14-ஆம் நாள் வரை உள்ள ஆட்டில்தான் ஊசி வேலை செய்யும் என்பதால், எல்லா ஆடுகளும் சேர்ந்து பருவத்துக்கு வர 9, 10 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. முதல் ஊசிக்குத் தப்பியவையும் இரண்டாவது ஊசி நாளில் சுழற்சியின் அந்த 5 முதல் 14 நாளுக்குள் வந்திருக்கும். ஆனால் சுழற்சியே நின்றுபோன மெலிந்த ஆட்டில் கரைக்கத் திரளே கிடையாது. அதற்கு எத்தனை ஊசி போட்டாலும் வீண்.

கிடாவைப் பிரிப்பதில் இன்னொரு பெரிய லாபமும் இருக்கிறது. பார்வை, குரல், வாடை மூன்றும் எட்டாத தொலைவில் ஒரு மாதமாவது கிடாவை வைத்திருந்து திடீரென்று உள்ளே விட்டால், சுழற்சி நின்றிருந்த பெட்டைகளின் மூளையில் சில நிமிடங்களிலேயே கருமுட்டையை வெளியேற்றத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனின் துடிப்புகள் கூடும், இரண்டு மூன்று நாளில் கருமுட்டை வெளிவரும். அந்த முதல் முட்டைக்குப் பருவ அறிகுறி இருக்காது. சில ஆடுகளில் அப்போது உருவாகும் திரள் 5, 6 நாளிலேயே சுருங்கி, மறுபடியும் அறிகுறியில்லாத முட்டை ஒன்று வரும். அதனால் கிடா சேர்வது 18-ஆம் நாளையும் 24-ஆம் நாளையும் ஒட்டித்தான் குவியும். 'ஒரு வாரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை' என்று கிடாவைத் திரும்ப ஓட்டிப் போகிறவர்கள் செலவில்லாத இந்த வழியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பழகாத புதுக்கிடா என்றால் பலன் இன்னும் கூடும். அடுத்த சரிவில் இருப்பவரோடு கிடாவை மாற்றிக்கொள்ளலாம்.

குளிர் நாடுகளில் பகல் சுருங்கும்போது, இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் கூடி ஆடுகள் பருவத்துக்கு வருகின்றன. நம் மலைகளில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேர அளவுதான். இங்கே பருவத்தைத் தீர்மானிப்பதில் புல்லுக்கும் உடற்கட்டுக்குமே பெரும்பங்கு. சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 250 கிராம் அடர்தீவனம் போதும். சேர்க்கை முடிந்ததும் அளவைத் திடீரென ஏற்றாதீர்கள். தீனி அதிகமானால் கல்லீரல் புரோஜெஸ்டிரோனை வேகமாகக் கழித்துவிடும், இளங்கரு நிற்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சரியான தேதி வேண்டுமென்றால் பஞ்சு முறை இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் போலவே பருவத்தை நிறுத்திவைக்கும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 60 மி.கி. உள்ள பஞ்சைப் பிறப்புறுப்பில் 12 முதல் 14 நாள் வைத்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது கருமுட்டை வளரத் தூண்டும் பி.எம்.எஸ்.ஜி. என்ற ஹார்மோன் ஊசியை 300 முதல் 500 அலகு போடுவது வழக்கம். நீலகிரி இனம் போன்ற சிறிய உடல்வாகுக்குக் கீழ் அளவே சரி. கூட்டினால் மூன்று நான்கு முட்டை வந்து, தாய்க்குத் தாங்காத நலிந்த குட்டிகள் பிறக்கும். பஞ்சோடு வரும் நாற்றமுள்ள நீரைக் கண்டு பயப்பட வேண்டாம், பருவத்துக்குள் வடிந்துவிடும். நூல் அறுந்து பஞ்சு உள்ளே தங்கினால்தான் தொல்லை. ஒவ்வொரு ஆட்டுக்கும், பஞ்சை உள்ளே வைக்கும் குழாயைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். ஈனாத இளம்பெட்டைகளுக்கு இந்த முறையைத் தவிர்ப்பது நல்லது. பஞ்சை எடுத்த 36 முதல் 48 மணிக்குள் பெரும்பாலானவை பருவத்துக்கு வந்துவிடும். வழக்கமாக 30, 40 பெட்டைக்கு ஒரு கிடா போதும் என்றாலும், அன்று 8, 10 பெட்டைக்கு ஒன்று வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

தேதியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் நடுவில் பஞ்சை எடுத்தால், 147 நாள் கணக்கில் ஜனவரி இரண்டாம் வாரத்தில், உறைபனியில், எல்லாக் குட்டிகளும் ஒன்றாக விழும். அக்டோபர் முதல் வாரத்தில் சேர்த்தால் மார்ச் தொடக்கம். குட்டி புல் கடிக்கப் பழகும்போது கோடை மழையில் தளிர் கிடைக்கும்.

நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் செம்மறி ஆராய்ச்சி நிலையங்கள் அருகிலேயே இருக்கின்றன. மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனம் 'அவிகேசில்-எஸ்' என்ற உள்நாட்டுப் பஞ்சையே உருவாக்கியிருக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை, மலையிலுள்ள மருந்தகங்களுக்கு மாதம் ஒரு நாள் ஸ்கேன் கருவியை அனுப்ப வேண்டும். சினை பார்த்த நாள், ஊசி அல்லது பஞ்சு போட்ட நாள், குட்டி ஈனும் உத்தேச நாள் மூன்றையும் எழுதிய அட்டையை ஆட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். சேர்க்கைக்குப் பின் 30 நாளுக்குள் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து கொடுத்தால் கருவில் ஊனம் நேரக்கூடும் என்பதையும் அந்த அட்டையிலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
செம்மறி வளர்ப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
உதகமண்டலம்