மாத்திரை நல்லதுதான், விலை?

ஆசிரியருக்கு,

தொழில்நுட்பம் வளர்ந்து கம்பெனிகள் லாபம் பார்த்தால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று போன வாரம் வந்த கட்டுரையைப் படித்ததும் எனக்கு எங்கள் பெரியம்மாவின் மாத்திரை டப்பாதான் ஞாபகம் வந்தது. அவருக்கு ரத்தப் புற்றுநோய், சி.எம்.எல். வகை. ராத்திரி நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு இமாட்டினிப் மாத்திரை ஒன்று, அவ்வளவுதான் வைத்தியம். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்.

அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் சுவிட்சர்லாந்து கம்பெனியான நோவார்ட்டிஸ் அதை ‘கிளிவெக்’ என்று விற்றபோது மாதச் செலவு 1 லட்சத்துக்கும் மேல். இங்குள்ள கம்பெனிகள் அதே மருந்தை சுமார் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. வேறு யாரும் அந்த மருந்தைச் செய்யக் கூடாது என்கிற காப்புரிமைக்காக நோவார்ட்டிஸ் போட்ட விண்ணப்பத்தை 2006-ல் நிராகரித்தது நம் சென்னை காப்புரிமை அலுவலகம்தான் (எத்தனை பேருக்குத் தெரியும்?). பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, குணப்படுத்தும் திறன் கூடியிருந்தால் ஒழிய, காப்புரிமை கிடையாது என்கிற, நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள், அப்புறம் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை தர முடியாது என்று சொல்லிவிட்டது.

லாபம் இல்லாமல் ஆராய்ச்சி நடக்காது என்கிறார்கள். சரி, இருக்கட்டும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்களே, அதையும் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம். கிளிவெக்கின் அந்தப் பழைய விலையே நீடித்திருந்தால், எங்கள் ஓட்டு வீட்டை விற்ற பணம் பெரியம்மாவுக்கு ஒரு வருஷம் தாங்கியிருக்கும், அவ்வளவுதான்.

— ஒரு வாசகர், கும்பகோணம்