திங்கள்சந்தைப் பாட்டிக்கு நன்றி

திங்கள்சந்தையில் ஓலைப்பெட்டி விற்கும் பெயர் தெரியாத பாட்டிக்கு இந்த நன்றி. மிஷன் ஊழியத்துக்கு உகாண்டா போகிறேன், தெருவில் விடப்பட்ட பிள்ளைகளோடு இருக்கப்போகிறேன் என்றதும் வியாபாரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, குருத்தோலையைக் கிழித்து கிலுகிலுப்பையும் காத்தாடியும் செய்யச் சொல்லிக்கொடுத்தீர்கள், காசு நீட்டினால் "பிள்ளையளுக்குத்தானே மக்களே" என்று கையைத் தள்ளிவிட்டீர்கள்.

இங்கே வடக்கு உகாண்டாவில் குலு என்ற ஊர்ப் பக்கமும் பனை நிற்கிறது பாட்டி, நம்ம பனைக்கு நெருங்கிய சொந்தம். இந்தப் பிள்ளைகள் புது ஆளைக் கண்டால் சுவரோரம் ஒதுங்குவார்கள். வேதபாடமெல்லாம் அப்புறம், முதலில் அந்தப் பயம் போகவேண்டும். யாரிடமும் வாய் திறக்காத ஒரு சிறுவன், நீங்கள் சொல்லிக்கொடுத்த கிலுகிலுப்பைக்குள்ளே எத்தனை கல் போட்டால் நல்ல சத்தம் வரும் என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தான், இப்போது மற்றவர்களுக்கும் அவனே முடைந்து கொடுக்கிறான்.

ஊரில் யாராவது சந்தைக்குப் போனால் பாட்டியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.