விளங்காத விரிவுரையும் நித்திரை இல்லாத பிள்ளைகளும்

ஆசிரியருக்கு,

என் மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். உயர்தரம் வரைக்கும் எல்லாப் பாடத்தையும் தமிழிலேயே படித்து, விடியக்காலையில் ரியூசனுக்குச் சைக்கிளில் ஓடி, நல்ல பெறுபேறோடு உள்ளே போன பிள்ளை. இப்போது சோதனை நெருங்கினால் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. என்னம்மா என்று கேட்டால், "இரண்டு மணித்தியாலமும் சிலைட்டை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போகிறார்கள் அம்மா, விளங்கவில்லை என்று கை உயர்த்தவும் பயமாக இருக்கிறது" என்கிறாள்.

பிள்ளைகளுக்கு மனஅழுத்தம் என்றதும் கைபேசி, காதல், பகிடிவதை என்று காரணம் தேடுகிறோம். பகிடிவதை பெரிய கொடுமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படிப்பிக்கிற முறையை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014 இல் வெளியிட்ட முடிவின்படி, விஞ்ஞான, கணிதப் பாடங்களில் வெறும் விரிவுரை மட்டும் கேட்ட மாணவர்கள், வகுப்பிலேயே கலந்துபேசிப் படித்தவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாகச் சித்தியடையத் தவறுகிறார்கள். அந்தப் பயத்தோடு ஒரு பிள்ளை எத்தனை மாதம் நிம்மதியாக இருக்கும்?

பெரிய செலவு வேண்டாம். இடையிடையே நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு கேள்வியைப் பேச விடுங்கள். முதல் வருடத்திலாவது கடினமான இடத்தைத் தமிழிலும் ஒருக்கால் சொல்லுங்கள். எல்லாப் புள்ளியையும் கடைசிச் சோதனையில் போடாமல், சின்னச் சின்னப் பயிற்சிகள் வைத்து, பிழையைக் காட்டி உடனே திருப்பிக் கொடுங்கள். மகளின் விரிவுரையாளர் ஒருவர் இப்படித்தான் செய்கிறாராம். அந்தப் பாடம் இருக்கும் நாளில் மட்டும் அவள் காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

ஒரு தாய்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்