கையில் இருக்க வேண்டிய உறை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி விட்டு மறுபடியும் மலை ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இந்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு போகிறாய் என்பது அதைவிட நல்ல சேதி. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தெருக்கோடியில் வருகிறவர் யாரென்று இப்போது எங்களுக்கு முன்னால் அவரே சொல்லிவிடுகிறார்.

சரி, கிளவுஸ் விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சு வைத்த கனமான ஜோடி ஒன்று வாங்கினால் போதுமா என்று கேட்டிருந்தாய். அது தேவைப்படும் இடங்கள் உண்டு. ஆனால் முதலில் வாங்க வேண்டியது மெல்லிய லைனர் கிளவுஸ்தான், அதாவது தனியாகவும் இன்னொரு உறைக்கு உள்ளேயும் போட்டுக்கொள்கிற லேசான உறை. கனமான உறையைப் போட்டுக்கொண்டு உன்னால் ஜிப்பை இழுக்க முடியாது, ஷூ லேஸ் கட்ட முடியாது, மிட்டாய்த்தாளைக்கூடப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கழற்றுவாய். கழற்றும்போதெல்லாம் உள்ளே சேர்ந்த சூடு போய்விடும், வெறுங்கை காற்றில் விறைக்கும். அன்றைக்கு மழையில் டென்ட் கயிற்றின் முடிச்சு அவிழாமல் நீ பல்லால் கடித்து இழுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் கிடந்த உன் கிளவுஸ் நல்ல கிளவுஸ்தான். கையில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் கடையில் நீ பார்க்க வேண்டியது, இதைக் கழற்றாமலே எத்தனை வேலை செய்ய முடிகிறது என்பதைத்தான். போட்டுக்கொண்டு மேசையில் கிடக்கும் நாணயத்தை எடுத்துப் பார். உன் ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழு. ஒரு முடிச்சைப் போட்டு அவிழ். ஜோடி 25 கிராமிலிருந்து 60 கிராமுக்குள் இருந்தால் பெரும்பாலும் இந்த வேலைகளுக்கு ஒத்துவரும். சுமையோடு ஏறும்போது உடம்பே சூட்டைக் கொடுக்கும் என்பதால் நடக்கிற நேரத்துக்கு அந்த மெல்லிசு போதும்.

அளவு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. துணி எதுவென்று பேசுகிற அளவுக்கு யாரும் அளவைப் பற்றிப் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம்தான். டேப்பை எடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி அள. நடுவிரலின் நீளத்தையும் அள. இறுக்கமான உறை இரண்டு விதத்தில் கெடுதல்: குளிரைத் தடுக்கும் காற்றை நசுக்கி வெளியேற்றும், விரல் நுனிக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். தொளதொளவென்று இருந்தால் நுனியில் மிஞ்சும் துணி ஜிப்புக்குள் மாட்டும். விரலிடுக்கில் துணி நன்றாகப் போய் உட்கார வேண்டும். முஷ்டியை மடக்கும்போது மணிக்கட்டுப் பகுதி மேலே ஏறினால் அது உனக்குச் சின்னது.

அப்புறம், உள்புறத்தை வெளியே திருப்பித் தையலைப் பார். விரல் நுனியில் தடித்த தையல் இருந்தால் நகத்தை ஒட்டி நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் வளைவையும் தடவிப் பார். நீ ஊன்றுகோலோடு நடக்கிறவன், அதன் வார் அழுத்துவது சரியாக அந்த இடத்தில்தான். தையல் அங்கேயே ஓடினால் முதலில் நூல் பிசிறும், பிறகு சின்ன ஓட்டை, அப்புறம் விரலே வெளியே வரும். அந்த இடத்தில் ஒட்டுத்துணி வைத்ததோ, தையலைப் பின்னால் தள்ளித் தைத்ததோ கிடைத்தால் எடுத்துக்கொள். மணிக்கட்டை மூடி ஜாக்கெட் கைக்குள் நுழைகிற நீளமும் வேண்டும்.

துணிக்கு வருவோம். மெரினோ கம்பளி, அதாவது மெரினோ என்கிற செம்மறியாட்டின் மெல்லிய ரோமம், தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் சீக்கிரம் பிடிக்காது. ஆனால் மெல்லிய மெரினோ விரல் நுனியில் சீக்கிரம் தேயும், முழுக்க நனைந்தால் காய நேரமாகும். நைலான் கலந்தது கொஞ்சம் தாங்கும். பாலியஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம், எடையில் ஒரு சதவீதம்கூட வராது. அதனால் பிழிந்து உதறினால் சீக்கிரம் காய்ந்துவிடும். நாற்றம் வரும், துவைத்தால் போகும். பட்டு இருப்பதிலேயே லேசு, ஆனால் இன்னொரு உறைக்குள் போடத்தான் லாயக்கு. பருத்தி வேண்டவே வேண்டாம். உன்னை மாதிரி மழையிலும் நடக்கிறவனுக்கு, உள்ளே மிருதுவான முடி எழுப்பிய, இழுவை உள்ள பாலியஸ்டர் ஃபிளீஸையே நான் சொல்வேன். ஸ்டவ் பக்கத்தில் மட்டும் கவனம். பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும், சில லைனரில் வருகிற பாலிப்ரொப்பிலீன் என்ற இன்னொரு செயற்கை இழை 160 டிகிரியிலேயே உருகிவிடும், உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி கருகுமே தவிர உருகாது. அடுப்பு மூட்டும் வேலை பெரும்பாலும் மகள் கையில் என்றால் அவளுக்கு மெரினோ வாங்கிக் கொடு.

பின்னல் துணி எதுவானாலும் காற்று உள்ளே புகும். காற்றைத் தடுக்கும் படலம் வைத்த லைனரும் விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை: இழுவை குறையும், காய்வதும் தாமதம். அதற்குப் பதில், உள்ளே எதுவும் வைத்துத் தைக்காத மெல்லிய மழை உறை ஒரு ஜோடி, நான்கு விரலும் ஒன்றாக இருக்கிற மாதிரி, ஒரு அளவு பெரிதாக வாங்கி லைனருக்கு மேல் போட்டுக்கொள். விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். காற்று நின்றால் மேலுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிடலாம். இரண்டும் தனித்தனி என்பதால் தனித்தனியாகக் காயும்.

ஓடையில் தண்ணீர் பிடிக்கும்போது மறக்காமல் லைனரைக் கழற்றிவிடு. கழற்றவே வேண்டாம் என்று சொன்ன நானே கழற்றச் சொல்லும் இடம் அது ஒன்றுதான். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வெறுங்கையைத் துடைத்துக்கொண்டால் ஆயிற்று, நனைந்த உறையோடு நடப்பது பெரும்பாடு. நனைந்துவிட்டால் நெருப்பில் காட்டாதே. நன்றாகப் பிழிந்து, ஜாக்கெட்டுக்குள் வயிற்றை ஒட்டி வைத்துக்கொண்டு நட, கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். இன்னொரு ஜோடியை பிளாஸ்டிக் பையில் கட்டி, ராத்திரிக்கு மட்டும் என்று ஒதுக்கி வை. போன் திரை தொடுகிற நுனி இருந்தால் நல்லதுதான், தேயத்தேய அது மங்கிவிடும். அதற்காக அளவு சரியில்லாத ஜோடியை வாங்கிவிடாதே.

இன்னொன்று. குளிரில் உன் விரல் வெள்ளையாகி, பிறகு நீலமாகி, சூடு பட்டதும் சிவந்து குத்துகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கவலைதான். ரேனாட் என்று டாக்டர்கள் சொல்வது இப்படித்தான் இருக்கும். விரலுக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்கள் குளிர் பட்டதும் சட்டென்று சுருங்கிக்கொள்வதால் வருவது. கிளம்புவதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்த்துவிடு, தள்ளிப்போடாதே. நடக்கும்போது கை சில்லிட ஆரம்பித்ததும் தொப்பியும் ஜாக்கெட்டும் போட்டுக்கொள். உடம்பு குளிர்ந்தால் முதலில் கைகாலுக்குப் போகிற ரத்தம்தான் குறையும். மரத்துப்போனால் விரலைத் தேய்க்காதே, அக்குளில் வைத்துக்கொள்.

எந்த மாதம் கிளம்புகிறீர்கள், ராத்திரி எவ்வளவு குளிர் இறங்கும் என்று அடுத்த கடிதத்தில் எழுது. கனமான ஜோடி தேவைதானா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுது. மகளுக்கு என் அன்பு.

உன் அன்புத் தோழன்